குடிக்காமல் வைத்த காப்பி

என் அப்பாவைத் திருடன் என்று சொல்லி ஊரைவிட்டு அனுப்பிய மனிதர், மூன்று வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தாம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். எழுபதுகளின் தொடக்கம். எனக்குப் பன்னிரண்டு வயது.

வருவதற்கு ஒரு வாரம் முன்பே பஹ்ரைனிலிருந்து கடிதம் வந்துவிட்டது. இங்கிலீஷில் டைப் அடித்த நாலு வரி. மெட்ராஸில் ஒரு ஆஸ்பத்திரியில் எனக்கு நெஞ்சில் ஆபரேஷன் செய்யப் போகிறார்கள், அதற்கு முன்னால் உன்னைப் பார்க்க வேண்டும், ஞாயிறு மதியம் வருகிறேன் என்று எழுதியிருந்தார். அப்பா அதை இரண்டு தடவை படித்தார். மடித்து பைபிளுக்குள் வைத்தார்.

"வரட்டும்" என்றார். அவ்வளவுதான். அந்த வாரம் முழுக்க அவர் வாயிலிருந்து அதைப் பற்றி வேறு ஒரு வார்த்தை வரவில்லை. அம்மா பயந்துபோய், வந்தவரை அடித்துவிடுவாரோ என்று என்னிடமே கேட்டாள். கோபம் வந்தால் நான் கத்துவேன், சாமானை உருட்டுவேன். அப்பா அப்படி இல்லை. அவர் கோபம் சத்தமே போடாது. அதனால்தான் எனக்கும் பயமாக இருந்தது.

அந்த மனிதர் பஹ்ரைனில் ஒரு வியாபாரி. அவர் வீட்டு மாடியில்தான் நாங்கள் பத்து வருடம் குடியிருந்தோம். துணி, கைக்கடிகாரம், வாசனைச் சாமான் எல்லாம் பம்பாயிலிருந்து இறக்கி விற்பவர் அவர். அப்பா அவருடைய கிடங்குக்குப் பொறுப்பு. சாவிக்கொத்து அப்பா இடுப்பில்தான் தொங்கும். நான் பிறந்ததே அந்த மாடியில்தான். வியாபாரியின் மனைவியை நான் 'காலா' என்று கூப்பிடுவேன், சித்தி என்று அர்த்தம். அம்மாவுக்கும் காலாவுக்கும் ஆரம்பத்தில் ஒரு வார்த்தைகூடப் பொதுவாகக் கிடையாதாம். ஒருத்தி அடுப்பை இன்னொருத்தி பார்த்துப் பார்த்தே அம்மா அரபி கற்றுக்கொண்டாள். காலா தமிழில் கற்றுக்கொண்டது இரண்டே வார்த்தை. ஒன்று 'சாப்பிடு', இன்னொன்று 'போதும்'. அந்த இரண்டை வைத்துக்கொண்டே அவள் எங்களைப் பத்து வருடம் வளர்த்தாள் என்று சொல்லலாம்.

நோன்பு மாதத்தில் பகலில் மொட்டை மாடியில் நின்று எதையும் மெல்லக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். மாலையில் பாங்கு சொன்னதும் கீழேயிருந்து கோதுமையும் இறைச்சியும் குழையக் கிண்டிய ஹரீஸ் ஒரு தட்டு ஏறி வரும். கிறிஸ்துமஸுக்கு அம்மா கல்கலா பலகாரம் செய்ய மாவு பிசைந்தால், காலாவும் அவள் பெண்களும் மேலே வந்து சீப்பின் முதுகில் மாவை அழுத்தி உருட்டுவார்கள். காலா உருட்டியது மட்டும் கட்டைவிரல் பருமனில் இருக்கும். எண்ணெயில் உள்ளே வேகாது. அம்மா ஒன்றும் சொல்லாமல் அதைத் தனியாக எடுத்து வைத்து, ராத்திரி அப்பாவுக்குக் கொடுப்பாள். அப்பாவும் சத்தமில்லாமல் தின்றுவிடுவார். அம்மா டைபாய்டில் கிடந்த மூன்று வாரமும் எனக்குத் தலை வாரிப் பின்னிவிட்டது காலாதான்.

இதெல்லாம் ஒரே நாளில் முடிந்தது. கிடங்கிலிருந்து ஒரு பெட்டி கைக்கடிகாரம் காணாமல் போனது. பூட்டு உடைபடவில்லை. சாவி அப்பாவிடம். வியாபாரி போலீஸுக்குப் போகவில்லை, கத்தவும் இல்லை. அடுத்த கப்பலில் குடும்பத்தோடு போய்விடு என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் காலையில் அப்பா கீழே அவருடைய மஜ்லிஸுக்குப் போனார். மஜ்லிஸ் என்றால் ஆண்கள் உட்கார்ந்து பேசும் கூடம். அப்பா ஏனோ என் கையையும் பிடித்துக் கூட்டிப்போனார். நான் வாசல்படியில் நின்றேன். உள்ளே கம்பளத்தில் ஏழெட்டு பேர். வேலையாள் அப்பாவிடம் கைப்பிடி இல்லாத சின்னக் கோப்பையில் கஹ்வா, அந்த ஊர்க் காப்பி, ஊற்றிக் கொடுத்தான். அப்பா அதைக் குடிக்கவில்லை. தன் முன்னால் கம்பளத்தில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். வியாபாரி ஜன்னலைப் பார்த்தார், ஜெபமாலையை உருட்டினார், அப்பாவை மட்டும் பார்க்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து வேலையாளைப் பார்த்துத் தலையை அசைத்தார். அவன் வந்து அப்பா முன்னாலிருந்த கோப்பையை எடுத்துக்கொண்டு போனான். அப்பா எழுந்து வந்துவிட்டார்.

படியேறும்போது எதற்காகக் குடிக்கவில்லை என்று கேட்டேன்.

"இந்த ஊர் வழக்கம் அது. ஒருத்தர்கிட்ட ஒண்ணு கேட்டு வந்தவன் காப்பியைக் குடிக்காம முன்னால வைப்பான். வீட்டுக்காரர் என்ன வேணும்னு கேக்கணும். 'குடி'ன்னு சொல்லிட்டார்னா, கேட்டது கிடைச்சாச்சுன்னு அர்த்தம்."

"எடுத்துட்டுப் போயிட்டா?"

"கேக்கவே மாட்டேன்னு அர்த்தம்." கொஞ்சம் நின்றார். "அம்மாகிட்ட இதைச் சொல்லாதே."

அம்மாவுக்கு அந்த வழக்கம் தெரியாது. பெண்கள் பக்கத்தில் காப்பி என்பது கதை பேசிக்கொண்டே குடிப்பது, போதுமென்றால் கோப்பையை இரண்டு ஆட்டு ஆட்டித் திருப்பிக் கொடுப்பது. அதற்குமேல் அங்கே எந்தச் சட்டமும் இல்லை. நானும் சொல்லவில்லை. நாங்கள் கிளம்பும்போது காலா வெளியே வரவில்லை. வர விடவில்லை என்று இப்போது தெரிகிறது. அம்மா கப்பலில் பம்பாய் வரைக்கும் அதையே சொல்லிச் சொல்லி அழுதாள்.

தாம்பரத்துக்கு வந்த பிறகு நடந்ததை எழுதும்போது இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன். எதிர்வீட்டில் ஏர்ஃபோர்ஸிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு அங்கிள் இருந்தார். எல்லாவற்றிலிருந்தும் ஓய்வு பெற்றாலும் மீசைக்கு மட்டும் அவர் ஓய்வு கொடுக்கவில்லை. பல்லாவரத்தில் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி ஆபீசர். எங்கள் சபையில் கமிட்டி மெம்பரும் அவர்தான். அப்பாவுக்கு அந்தக் கம்பெனியில் ஸ்டோர்கீப்பர் வேலை வாங்கித் தருவதாக அவராகவே வந்து சொன்னார். அப்புறம் பஹ்ரைனிலிருந்து ஒரு கண்டக்ட் சர்டிபிகேட் கேட்டார். இல்லை என்றதும் காரணம் கேட்டார். அப்பா பொய் சொல்லத் தெரியாமல் நடந்ததைச் சொன்னார். அதோடு வேலையும் போயிற்று, தெரு முழுக்க விஷயமும் தெரிந்தது. அப்பா படப்பையில் ஒரு அரிசி மில்லில் நெல் மூட்டை எடை போடும் வேலைக்கு பஸ்ஸில் போனார். சர்ச்சில் பெஞ்சுகள் போட்டுவைக்கும் அறையின் சாவியைக்கூட அவரிடம் கொடுக்க வேண்டாம் என்று அங்கிள் கமிட்டியில் சொன்னாராம். அந்த அறையில் திருடுவதற்குப் பெஞ்சைத் தவிர ஒன்றும் கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கறுப்பு மஞ்சள் டாக்சி எங்கள் தெருவின் மண்ணில் தடுமாறி வந்து நின்றது. வியாபாரி இறங்கினார். வெள்ளை அங்கி, தலையில் துணி, கறுப்பு வளையம். ஆள் பாதியாக இளைத்துப் போயிருந்தார். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. அங்கிள், "நமக்கு இந்தி தெரியும், அவங்களுக்கும் தெரியும், ஒரு ஹெல்ப்பா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே யாரும் கூப்பிடாமல் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பம்பாயோடு வியாபாரம் செய்தவர் என்பதால் வியாபாரிக்கு இந்தி நன்றாகவே வரும்.

அப்பா எழுந்து சலாம் சொன்னார். உட்காரச் சொன்னார். பிறகு பேசவில்லை.

அம்மாவுக்கு அவரைப் பார்த்ததும் அடக்க முடியவில்லை. "காலா எப்படி இருக்கா?" என்று அரபியில் கேட்டுவிட்டாள். வியாபாரி, "உயிரோடு இருக்கிறாள்" என்று மட்டும் சொன்னார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். அந்தக் காப்பிக்காக அவள் முந்தின நாள் மார்க்கெட்டில் நின்று கொட்டை வறுத்து அரைத்து வாங்கி வந்திருந்தாள். கள்ளிச்சொட்டு மாதிரி பால். டபரா டம்ளரில் நுரை ததும்பக் கொண்டு வந்து வைத்தாள்.

வியாபாரி டம்ளரைக் கையில் எடுத்தார். குடிக்காமல் தன் முன்னால் இருந்த ஸ்டூலில் திரும்ப வைத்தார். கையைக் கட்டிக்கொண்டார்.

அப்பாவைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கிள் இந்தியில் வெயிலைப் பற்றிப் பேசினார். அம்பாலாவில் வேலை பார்த்தபோது தான் பட்ட குளிரைப் பற்றிப் பேசினார். வியாபாரி தலையைக்கூட ஆட்டவில்லை. காப்பியில் ஆடை படிந்தது. அம்மா எட்டிப் பார்த்தாள், அவள் முகம் சுருங்கியது.

"ஐயோ, ஆறிப்போச்சே" என்று வந்து டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள்.

வியாபாரியின் கண் அந்த டம்ளரோடு அடுக்களை வரைக்கும் போனது. என்ன நடக்கிறது என்று அந்த அறையில் மூன்று பேருக்குத்தான் தெரியும். அவருக்கு, அப்பாவுக்கு, எனக்கு. அப்பா வாயைத் திறக்கவில்லை.

"அவங்க ஊர்ல பால், சர்க்கரை எல்லாம் போட மாட்டாங்கம்மா. அதான் சார் குடிக்கல" என்று அங்கிள் தீர்ப்புச் சொன்னார். அம்மாவும் தலையில் அடித்துக்கொண்டு, எனக்கே தெரிய வேண்டாமா என்று வெறும் டிகாஷனைச் சுடவைத்துக் கொண்டு வந்தாள். வியாபாரி அதையும் தொட்டு எடுத்து, குடிக்காமல் வைத்தார். வெளியே டாக்சி டிரைவர் கேட்டில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, பாய் காபியே குட்ச்சிக்க மாட்டேன்றாரு? ஸ்ட்ராங்கு பத்தலியா?" என்றார்.

அம்மாவுக்கு அவமானமாகப் போய்விட்டது. இரண்டாவது டம்ளரையும் எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். வியாபாரி நாற்காலியின் கையைப் பிடித்தார். எழுந்து போய்விடப் போகிறார் என்று நினைத்தேன். எழவில்லை. அவர் நெற்றியில் வியர்வை. ஆபரேஷனுக்கு இருக்கிற மனிதர். எனக்கு அவர்மேல் கோபம் இருந்தது, இப்போதும் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு அப்பாவைப் பார்க்கத்தான் அதிகப் பயமாக இருந்தது. அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அம்மா மூன்றாவது தடவை வந்தபோது அவள் கையில் இருந்தது டம்ளர் இல்லை. டிரங்குப் பெட்டியிலிருந்து, காலா எப்போதோ கொடுத்த கைப்பிடி இல்லாத சின்னக் கோப்பையை எடுத்திருந்தாள். ஓரத்தில் பொன் கோடு போட்டது. அதில் ஏலக்காய் தட்டிப் போட்ட கஹ்வா. வியாபாரி தன் வீட்டுக் கோப்பையை அடையாளம் கண்டுகொண்டார். அதை வாங்கி, இரண்டு கையாலும் ஸ்டூலில் வைத்தார். குடிக்கவில்லை.

அம்மா கதவோரமாகவே நின்றாள். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"என் கையால குடிக்கக்கூட இவருக்கு மனசு வரலையா? அப்படி என்னங்க செஞ்சோம் நாம?" என்று அப்பாவைக் கேட்டாள். அவள் வந்து கோப்பையை எடுக்கக் குனிந்தாள்.

நான் பாய்ந்துபோய் அவள் கையைப் பிடித்தேன். "எடுக்காதேம்மா! எடுக்காதே! வச்சிடு!" என்று கத்தினேன். கஹ்வா கொஞ்சம் என் கையில் கொட்டியது, சுட்டது. கோப்பை ஸ்டூலிலேயே இருந்தது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அப்பாவும் ஜன்னலை விட்டு என்னைப் பார்த்தார். மூன்று வருடத்துக்கு முன் அந்த வாசல்படியில் நின்றவள் நான்தான் என்பது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். அவர் முகம் மெல்ல மாறியது. வியாபாரியிடம் திரும்பினார்.

"என்ன வேண்டும், சொல்" என்று அரபியில் கேட்டார்.

வியாபாரி மெதுவாக அரபியில் ஆரம்பித்தார். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். "இந்தியில் சொல். இவருக்கும் கேட்கட்டும்" என்று அங்கிளைக் காட்டினார்.

வியாபாரி அங்கிள் பக்கம் திரும்பி உட்கார்ந்து பேசினார். நடுவில் இரண்டு தடவை மூச்சு வாங்க நிறுத்தினார். முடித்ததும் அப்பா, "சார், தமிழ்ல சொல்லுங்க" என்றார்.

அங்கிள் மீசையைத் தடவினார். "அது வந்து... ஏதோ ஒரு மிஸ்அண்டர்ஸ்டாண்டிங் ஆயிடுச்சாம். ரொம்ப வருத்தப்படறார்."

"அவ்வளவு கம்மியா சொல்லலையே அவர். முழுசா சொல்லுங்க."

கேட்டில் டிரைவரோடு இப்போது பக்கத்து வீட்டுக்காரர்களும் நின்றார்கள். அங்கிள் தொண்டையைக் கனைத்தார். "இவர் திருடன் இல்லையாம். பெட்டியை எடுத்தது அவரோட அண்ணன் மகனாம், போன மாசம்தான் தெரிஞ்சுதாம். நிரபராதி மேல பழி போட்டுட்டேன், மன்னிப்பு வாங்காம கத்திக்குக் கீழே படுக்க மாட்டேங்கறார்." கொஞ்சம் தயங்கினார். "அப்புறம் கப்பைப் பத்தி ஏதோ சொன்னார். நான் அன்னிக்கு ஒரு தடவை எடுக்க வச்சேன், இன்னிக்கு எனக்கு ரெண்டு தடவை எடுத்தாங்க, அது நியாயம்தான்னு. அது எனக்குப் புரியல."

"எனக்குப் புரிஞ்சுது" என்றார் அப்பா.

வியாபாரியின் பக்கம் திரும்பினார். பிறகு, "இஷ்ரப் கஹ்வதக்" என்றார். உன் காப்பியைக் குடி.

வியாபாரி கோப்பையை எடுத்தார். சூடு போயிருந்த கஹ்வாவை ஒரே மடக்கில் குடித்தார். கோப்பையை இரண்டு ஆட்டு ஆட்டி அம்மாவிடம் கொடுத்தார். வாசலில் செருப்பு மாட்டும்போது அம்மாவிடம், "மாடியை யாருக்கும் வாடகைக்கு விட அவள் சம்மதிக்கவில்லை, பூட்டியே வைத்திருக்கிறாள்" என்றார். அம்மா ஓவென்று அழுதுவிட்டாள்.

சாயங்காலம் கிணற்றடியில் பாத்திரம் தேய்க்கும்போது நான் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஈரக் கையோடு அவள் அப்பாவிடம் போனாள்.

"தெரிஞ்சிருந்தா நான் எடுத்திருப்பேனா? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?"

அப்பா குனிந்தே உட்கார்ந்திருந்தார். "நீ எடுத்தப்போ எனக்கு நல்லா இருந்துது" என்றார். "மூணாவது தடவையும் நீ எடுப்பேன்னுதான் காத்துகிட்டிருந்தேன். எடுத்திருந்தா அவர் எழுந்து போயிருப்பார். நான் பாத்துகிட்டு உக்காந்திருப்பேன்."

அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். இந்த அநியாயத்தில் அப்பா பக்கம் ஒரு கறைகூடக் கிடையாது என்று அதுவரை நம்பியிருந்தவள் நான்.

அடுத்த ஞாயிறு சர்ச்சில் திருவிருந்து. அப்பாவை எல்லாரும் கை கொடுத்து விசாரித்தார்கள். அங்கிள் பெஞ்ச் அறைச் சாவியைக் கொண்டுவந்து அவர் சட்டைப் பையில் போட்டார். ஆனால் அப்பமும் ரசமும் வாங்க எங்கள் வரிசை எழுந்தபோது அப்பா எழவில்லை. அம்மாவும் நானும் முன்னால் போய்த் திரும்பி வந்தோம், அவர் அங்கேயே தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். ஒரு வாரம் முன்புதான் பழி நீங்கியிருந்த மனிதர். மறுபடியும் சபை முழுக்க முணுமுணுப்பு. அங்கிள் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அப்பா அதைச் சட்டை செய்யவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மாதான் கேட்டாள்.

"மனசுல அந்தப் பகையை வச்சுகிட்டு மூணு வருஷமா அந்தப் பாத்திரத்துல வாய் வச்சேனே" என்றார். "முதல்ல அவருக்கு எழுதணும்."

எழுதினார். அன்று மதியம் தான் எதற்காகப் பேசாமல் இருந்தார் என்பதை இங்கிலீஷில் ஒரு பக்கம் எழுதி, மன்னிப்புக் கேட்டு, ஆஸ்பத்திரி விலாசத்துக்குத் தபாலில் போட்டார். ஆபரேஷன் முடிந்து அவர் பிழைத்தாரா என்றுகூட எங்களுக்குத் தெரியாது. அடுத்த மாதத் திருவிருந்தும் வந்து போனது. அப்பா அப்போதும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகுதான் பஹ்ரைன் தபால்தலையோடு ஒரு கவர் வந்தது. உள்ளே டைப் அடித்த சர்டிபிகேட் ஒன்று. அப்பா அதை ஓரமாக வைத்துவிட்டார். அதோடு ஒரு சின்னக் காகிதம், நடுங்கும் கையெழுத்தில் அரபியில் ஒரே ஒரு வரி. அப்பாவுக்கு அரபி பேச வரும், படிக்க வராது. காலாவின் பெண்களோடு உட்கார்ந்து எழுத்துக் கற்றுக்கொண்டவள் நான் மட்டும்தான். காகிதத்தை என்னிடம் நீட்டினார்.

எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தேன்.

"இஷ்ரப் கஹ்வதக்."

அந்த மாதத் திருவிருந்தில் எங்கள் வரிசை எழுந்தபோது அப்பா எனக்கு முன்னால் எழுந்து போனார்.